ஒரே கையில் சேரக்கூடாத பொறுப்புகள்: கிராம ஊராட்சிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

தேர்தலில் வென்று ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழையும் தலைவரின் மேசைக்கு முதல் வாரத்திலேயே செலவுப் பட்டியல்கள், அதாவது பில்கள், வந்துவிடும். மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டியது, பிளீச்சிங் பவுடர் வாங்கியது, தெருவிளக்குகளுக்கு எல்.இ.டி. பல்பு மாற்றியது, குடிநீர்க் குழாய் உடைப்பை அடைத்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் இருக்கும்; ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் தொகை சரியா என்றுதான் பார்க்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு உண்டு. இந்தப் பொருள் தேவை என்று சொன்னவர் யார், கடையைத் தேர்ந்தெடுத்தவர் யார், பொருள் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர் யார், பணம் கொடுக்கலாம் என்று சொல்பவர் யார்? நான்குக்கும் ஒரே பெயர் விடையாக வருமானால், தொகை ஒரு ரூபாயும் பிசகாமல் இருந்தாலும் அந்தப் பட்டியலில் குறை இருக்கிறது.

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சி ஒன்றில் தலைவராகவோ, துணைத் தலைவராகவோ, வார்டு உறுப்பினராகவோ, ஊராட்சிச் செயலராகவோ புதிதாகப் பொறுப்பேற்பவரை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. ஒன்றுக்கொன்று முரண்படும் பொறுப்புகளை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பிரித்து வைப்பது, பிரிக்க ஆள் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதே இதன் பொருள். யாரையும் திருடராக எண்ணி இந்த ஏற்பாட்டைச் செய்யச் சொல்லவில்லை. கையாடல் செய்தவர் அகப்பட்டுக்கொள்வதை நான் சில முறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு காசும் தொடாத தலைவர், வாங்கியவரும் தாமே சரிபார்த்தவரும் தாமே என்று ஆகிவிட்டதால், தணிக்கையின்போது தம் நேர்மைக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லாமல் நின்றதை அதைவிடப் பல முறை பார்த்திருக்கிறேன். பொறுப்பைப் பிரித்து வைப்பதால் முதலில் காக்கப்படுபவர் நேர்மையாக நடப்பவர்தான்.

முதலில் சட்டம் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தைத் தொடர்ந்து வந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமே பல பொறுப்புகளை வெவ்வேறு கைகளில் வைத்திருக்கிறது. தீர்மானிக்கும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கு உரியது. மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் தலைவர், அந்தத் தீர்மானங்களை நிறைவேற்றும் செயல் அலுவலர். வார்டு உறுப்பினர்கள் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவர், காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்திடுபவர். கணக்கையும் பதிவேடுகளையும் எழுதுபவர் செயலர். பணியை மதிப்பிடுவதும் அளப்பதும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறியாளருக்கும் ஓவர்சியருக்கும் உரிய வேலை. மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளர். இவர்கள் எல்லோருக்கும் மேலே, வாக்காளர் அனைவரும் உறுப்பினராக இருக்கும் கிராம சபை இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலர் பதவி வட்டார ஊராட்சிக்கு ஒன்று, கிராம ஊராட்சிகளுக்கு ஒன்று என இரண்டாக இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றியத்தின் வேலையும் கிராம ஊராட்சிகளை மேற்பார்க்கும் வேலையும் ஒரே நாற்காலியில் சேராமல் இருக்க அது உதவுகிறது.

தாளில் இப்படிப் பிரிந்திருக்கும் பொறுப்புகள் ஊருக்குள் வந்ததும் ஒட்டிக்கொள்கின்றன. தலைவரின் மைத்துனர் ஒப்பந்ததாரராக இருப்பார். துணைத் தலைவரின் கடையிலிருந்து குழாய் வரும். ஓவர்சியர் எழுத வேண்டிய அளவை ஒப்பந்ததாரரே துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். புதியவர் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி, சட்டம் பிரித்ததை ஊர் ஒட்டவைக்காமல் பார்த்துக்கொள்வதே.

அடுத்து ஒரு தாளில் ஏழு வினைகளை எழுதுங்கள்

பொறுப்பேற்ற முதல் மாதத்துக்குள் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கலாம். ஒரு முழுத்தாளில் மேலிருந்து கீழாக இந்த ஏழு வினைகளையும் எழுதுங்கள்: தேவை என்று கேட்பது, தீர்மானிப்பது, செய்வது அல்லது வாங்குவது, அளப்பது அல்லது வந்து சேர்ந்ததைப் பார்ப்பது, பணம் கொடுப்பது, கணக்கில் எழுதுவது, பின்னால் சரிபார்ப்பது. பிறகு உங்கள் ஊராட்சியில் அடிக்கடி நடக்கும் செலவு ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, அந்த ஏழு வினைகளுக்கும் எதிரே நடைமுறையில் அதைச் செய்பவரின் பெயரை எழுதுங்கள். பதவியின் பெயரை எழுதினால் உண்மை வெளிவராது. ஆளின் பெயரைத்தான் எழுத வேண்டும். ‘தலைவர்’ என்று எழுதத் தோன்றும் இடத்தில் உண்மையில் தலைவரின் கணவரோ மகனோ அந்த வேலையைச் செய்கிறார் என்றால் அவர் பெயரையே எழுதுங்கள்.

எழுதி முடித்ததும், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வினைகளுக்கு எதிரே ஒரே பெயர் இருக்கும் இடங்களை வட்டமிடுங்கள். எல்லா வட்டங்களும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. கேட்பவரும் தீர்மானத்தில் வாக்களிப்பவரும் ஒரே வார்டு உறுப்பினராக இருப்பது இயல்பு, தம் வார்டுக்குக் குழாய் கேட்பது அவர் கடமையும்கூட. வாங்குபவரும் வந்து சேர்ந்ததைப் பார்ப்பவரும் ஒருவராவது, அளப்பவருக்கும் பணம் பெறுபவருக்கும் உறவு இருப்பது, பணம் கொடுப்பவரே கணக்கும் எழுதுவது ஆகிய மூன்றையும் முதலில் பிரித்தாக வேண்டும். ஊராட்சிப் பணம் காணாமல் போகும் வழிகள் பெரும்பாலும் இந்த மூன்று இடைவெளிகளில்தான் தொடங்குகின்றன.

உறவையும் தொழிலையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்

ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கத் தகுதியிழப்பார் என்பது ஊராட்சிகள் சட்டத்தின் தகுதியிழப்புப் பிரிவுகளில் உள்ள பழைய விதி. இது தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். ஆகவே உங்கள் பெயரில் ஒப்பந்ததாரர் பதிவு இருந்தால், நடந்துகொண்டிருக்கும் பணி எதிலாவது கூட்டாளியாக இருந்தால், அதைத் தீர்த்துக்கொள்ளாமல் பொறுப்பில் தொடர்வது பதவிக்கே ஆபத்து. வேறு பெயரில் எடுத்துச் செய்வது தீர்வாகாது. பினாமி என்று ஊரே அறிந்த ஒன்றை நிரூபிக்க ஒரு வங்கிப் பரிமாற்றம் போதும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பார்வையில் ஒரு பொது ஊழியர் என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டம் தெளிவாகத் தடுக்காத உறவுகளில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சிற்றூரில் யாரும் யாருக்கும் அயலார் அல்லர். பங்காளி, சம்பந்தி, ஒரே கோயிலின் வரிக்காரர் என்று ஏதேனும் ஒரு கொடி எல்லோரையும் இணைத்திருக்கும். எல்லா உறவையும் விலக்கினால் வேலை செய்ய ஆளே இருக்காது. எனவே விலக்குவதற்கு முன் வெளிப்படுத்துங்கள். முதல் சாதாரணக் கூட்டத்திலேயே ஒவ்வோர் உறுப்பினரும் தம் தொழில், தமக்கும் குடும்பத்தாருக்கும் உள்ள கடை, வண்டி, ஜே.சி.பி., மனை வணிகம், ஒப்பந்ததாரர் பதிவு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். செயலர் அவற்றைத் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து வைக்கட்டும். தலைவரே முதலில் எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் மறுப்பது கடினம்.

பின்னர் அத்தகைய பொருள் கூட்டத்துக்கு வரும்போது, தொடர்புடையவர் தம் தொடர்பைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டும். அவர் போன நேரமும் திரும்பி வந்த நேரமும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். வாய்மூடி உள்ளேயே உட்கார்ந்திருப்பது போதாது. சிற்றூரில் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவருக்கு எதிராகக் கை தூக்குவது எளிதன்று.

எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்று ஐயம் எழுந்தால், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1969இல் தீர்ப்பளித்த ஏ.கே. கிரைபாக் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த குழுவில், தேர்வுக்குத் தாமே போட்டியிட்ட ஓர் அதிகாரியும் உறுப்பினராக அமர்ந்திருந்தார். தம் பெயர் ஆராயப்பட்டபோது அவர் விலகி நின்றார். ஆனால் தம்மோடு போட்டியிட்டவர்களின் பெயர்கள் ஆராயப்பட்டபோது குழுவில் இருந்தார். நீதிமன்றம் அந்தத் தேர்வையே செல்லாது என்றது. ஊராட்சிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தூய்மைக் காவலர் பணிக்கு ஐந்து பேர் விண்ணப்பிக்கிறார்கள், அவர்களில் ஒருவர் நியமனக் குழு உறுப்பினரின் மருமகள் என்றால், மருமகளின் பெயர் வரும்போது மட்டும் அந்த உறுப்பினர் எழுந்து போனால் போதாது. ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வேலை முழுவதிலிருந்தும் அவர் விலக வேண்டும். வீட்டு வசதித் திட்டத்துக்குப் பயனாளிகளை வரிசைப்படுத்தும்போதும் இதே அளவுகோல்தான்.

பணிகளில் அளப்பவரைக் காப்பாற்றுங்கள்

சிமெண்ட் சாலை, வடிகால், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, சுற்றுச்சுவர் போன்ற பணிகளில்தான் பெருந்தொகை புழங்குகிறது என்பதால் இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பணியின் வரிசை இப்படிப் போகும். ஊராட்சி தீர்மானம் போடுகிறது, ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார், நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் பெறப்படுகின்றன, ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது, பணி ஆணை வழங்கப்படுகிறது, பணி நடக்கும்போது ஓவர்சியர் அளவெடுத்து அளவுப் புத்தகத்தில், எல்லோரும் எம்-புக் என்று சொல்லும் புத்தகத்தில், எழுதுகிறார், பொறியாளர் மறு அளவீடு செய்து சரிபார்க்கிறார், அதன் பிறகே பட்டியல் பணமாகிறது.

ஒப்பந்தப்புள்ளியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 1998இல் இயற்றப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகளும் உள்ளாட்சி அமைப்புகளையும் கட்டுப்படுத்துகின்றன. ஒப்பந்தப்புள்ளியைக் கோரும் அதிகாரி, ஏற்கும் அதிகாரி என்று இரு வேறு பொறுப்புகளை அந்தச் சட்டம் பெயரிட்டு வைத்திருக்கிறது. சிறு தொகைக் கொள்முதல்களுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்குள் அடங்குவதற்காக ஒரே தெருவின் வடிகாலை மூன்று துண்டாக்கி மூன்று மதிப்பீடுகளாகக் கொண்டுவந்தால் கையெழுத்திடாதீர்கள். துண்டாக்கியவர் பெரும்பாலும் பணியை யாருக்குக் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டவராகவே இருப்பார்.

என் அனுபவத்தில், இந்தச் சங்கிலி முழுவதிலும் எளிதில் அறும் கண்ணி அளவெடுப்பது. ஓவர்சியருக்குப் பல ஊராட்சிகள். வருவதற்கு வண்டி இல்லை, நேரமும் இல்லை. ஒப்பந்ததாரரே அவரைத் தம் வண்டியில் கூட்டிவருவார், சாப்பாடு வாங்கிக் கொடுப்பார், டேப்பின் மறுமுனையையும் அவரே பிடிப்பார். இதில் யாரும் யாருக்கும் கையூட்டுக் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அளப்பவர் அளக்கப்படுபவரைச் சார்ந்தவராகிவிடுகிறார். புதிய தலைவர் இதைச் சிறிய ஏற்பாடுகளாலேயே மாற்ற முடியும். அளவெடுக்கும் நாளை இரண்டு நாள் முன்னரே அந்த வார்டு உறுப்பினருக்கும் துணைத் தலைவருக்கும் தெரிவியுங்கள். டேப்பின் மறுமுனையை வார்டு உறுப்பினர் பிடிக்கட்டும். சாலையின் நீளம், அகலம், மூன்று இடங்களில் எடுத்த கனம் ஆகியவற்றை அவர் தம் நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். பட்டியல் பணமாக வரும்போது அந்த நோட்டையும் எம்-புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூடப்போகும் வேலையை, அதாவது அடித்தளம், கம்பி கட்டியது, குழாய் புதைத்த ஆழம் ஆகியவற்றை, மூடுவதற்கு முன் அளவெடுக்கச் சொல்லுங்கள். மூடிய பிறகு கேட்கும் கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது.

ஓர் ஊராட்சியில் கழிவுநீர் வடிகால் பணிக்கு இப்படித் தனியாகக் குறித்துக்கொண்டவர் முதன்முறையாகத் தேர்வான ஒரு பெண் உறுப்பினர். பட்டியலில் இருந்த நீளம் அவர் குறிப்பைவிட 11 மீட்டர் கூடுதலாக இருந்தது. அவர் சண்டைக்குப் போகவில்லை. கூட்டத்தில் தம் நோட்டைத் திறந்து படித்தார். மறு அளவீடு நடந்தது, பட்டியல் திருத்தப்பட்டது. அளந்தவர் பிறகு சொன்ன காரணம், இரு முனைகளிலும் இருந்த பழைய வடிகாலின் துண்டும் சேர்ந்துவிட்டது என்பது. அது உண்மையாகவே இருக்கலாம். வேறொருவர் தனியாக அளந்திராவிட்டால் பிழையும் மோசடியும் ஒரே தொகையைத்தான் ஊரிடமிருந்து கொண்டுபோயிருக்கும்.

இரண்டு கையெழுத்து என்றால் இரண்டு மனிதர்கள்

தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே காசோலையில் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வைத்ததன் நோக்கம், ஒருவர் தவறினாலும் மற்றவர் கண்ணில் படட்டும் என்பது. இருவரில் ஒருவர் இல்லாதபோது, ஊராட்சிக் கூட்டத்தில் அதிகாரம் அளிக்கப்பட்ட வேறோர் உறுப்பினர் சேர்ந்து கையெழுத்திடலாம். இப்போது பல திட்டங்களின் பணம் இணையவழியாகவே செல்கிறது: ஒருவர் பட்டியல் விவரத்தை உள்ளிடுவார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்பளிப்பார், இருவருக்கும் தனித்தனி டிஜிட்டல் கையொப்பச் சாவி உண்டு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் இரண்டு சாவிகளும் இரண்டு கடவுச்சொற்களும் ஒரே மேசை இழுப்பறையிலோ, ஒன்றிய அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கணினி மையத்திலோ கிடந்தால், கையெழுத்துகள் இரண்டாக இருந்தும் மனிதர் ஒருவராகிவிடுகிறார். சாவியை ஒப்படைத்தவருக்கு அலைச்சல் குறைகிறது. பணம் போனபின் பொறுப்பு மட்டும் அவர் பெயரில் நிற்கிறது.

எனவே உங்கள் சாவி உங்களிடமே இருக்கட்டும், கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். வங்கிக் கணக்கோடு இணைந்த கைபேசி எண் முந்தைய தலைவருடையதா, செயலருடையதா, உங்களுடையதா என்பதை முதல் வாரத்திலேயே பாருங்கள். கணினி தெரியாது என்றால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். செலவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் தெரியும் பெயர், கணக்கு எண், தொகை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கம் உங்கள் ஊராட்சியில் இருந்தால் அது உங்களோடு நிற்கட்டும்.

பெண் தலைவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். 2016இல் பெண்களுக்கான இட ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்ட பிறகு ஊராட்சிகளில் பெண்கள் பெருமளவில் பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். சில இடங்களில் கணவரோ மாமனாரோ நாற்காலியில் உட்கார்கிறார், கையெழுத்து மட்டும் வீட்டிலிருந்து வருகிறது. தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் தீர்மானிக்கிறார், வாங்குகிறார், பேரம் பேசுகிறார். எந்த ஏட்டிலும் அவர் பெயர் இல்லை என்பதால் எந்த விதியும் அவரைத் தொடுவதில்லை. மேலே சொன்ன ஏழு வினைகளின் தாளில் நீங்களே உங்கள் பெயரை எழுதக்கூடிய இடங்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். காசோலையும் தீர்மானப் புத்தகமும் முதலில் உங்கள் கைக்கு வரட்டும். மற்றவை பின்னால் வரும்.

இதே இரட்டைக் கையெழுத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த வழிகாட்டியை எழுத எனக்கு மனம் வரவில்லை. பட்டியலினத் தலைவர்களையும் பெண் தலைவர்களையும் முடக்குவதற்காகவே துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்த நிகழ்வுகள் பல மாவட்டங்களிலிருந்து செய்தியாக வந்திருக்கின்றன. தூய்மைப் பணியாளருக்கு ஊதியம் போகாது, மோட்டார் பழுது நிற்கும், பழி தலைவர் மேல் விழும். காவலுக்கு வைத்த பூட்டு இப்படி ஆளை அடைக்கும் பூட்டாகிறது. அத்தகைய நிலையில் வாய்ப்பேச்சில் காலத்தை இழக்காதீர்கள். பட்டியலையும் அதற்கான தீர்மானத்தின் நகலையும் இணைத்துக் கையெழுத்துக் கோரி எழுத்தில் கடிதம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் கணக்கைப் பற்றியது என்றால் விளக்கம் கொடுங்கள்; அப்படிக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. காரணமே இல்லாமல் இழுத்தடித்தால், அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் அதை ஒரு பொருளாக வைத்துப் பதிவு செய்துவிட்டு, ஊராட்சிகளின் ஆய்வாளராகிய மாவட்ட ஆட்சியருக்கு எல்லா நகல்களோடும் எழுதுங்கள். கேள்வி கேட்பதற்காகத் தாமதிப்பவரையும் தலைவரை ஒடுக்குவதற்காகத் தாமதிப்பவரையும் பிரித்துக் காட்டுவது அந்தத் தாள்கள்தாம்.

வரி வசூல், அனுமதி

வீட்டு வரியிலும் குடிநீர்க் கட்டணத்திலும் செயலர் ஒருவரே, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் கேட்புப் பதிவேட்டை எழுதுகிறார், பணத்தை வாங்குகிறார், ரசீது கொடுக்கிறார், வங்கியில் கட்டுகிறார். ஊராட்சிகளின் வரியை இணையதளத்தில் கட்ட வழி வந்த பிறகு ரொக்கம் குறைந்திருக்கிறது. மக்களை அந்த வழிக்குக் கொண்டுவருவதே சிறந்த பிரிப்பு. ரொக்கம் தொடரும்வரை, எண்ணிட்ட ரசீதுப் புத்தகங்கள் தலைவரின் பொறுப்பில் இருந்து ஒவ்வொன்றாக வெளியே போகட்டும். மாதம் ஒருமுறை ஒரு வார்டு உறுப்பினர் அடிக்கட்டைகளைக் கேட்புப் பதிவேட்டோடும் வங்கிச் சலானோடும் ஒப்பிட்டுக் கையெழுத்திடட்டும். தம் வார்டை அல்லாமல் அடுத்த வார்டைப் பார்க்கச் சொல்வது நல்லது.

வீடு கட்டும் அனுமதி, மனைப்பிரிவு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றில் தலைவரோ உறுப்பினரோ மனைத் தரகராக இருந்தால், அந்த மனைகள் தொடர்பான கோப்பு அவர் மேசைக்கு வரும் முன்பே அவர் அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மனைப்பிரிவின் பொது ஒதுக்கீட்டு இடத்தை ஊராட்சிக்கு எழுதி வாங்க வேண்டியவரே அந்த மனைகளை விற்பவராகவும் இருந்தால், பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் பூங்காவாகாது.

ஆள் போதாத ஊராட்சியில் என்ன செய்வது

பல ஊராட்சிகளில் அலுவலகம் என்றால் ஒரு செயலர்தான். ஏழு வினைகளுக்கு ஏழு பேர் என்பது அங்கே நடக்காது. அப்போது இரண்டு வழிகள் கைகொடுக்கும். வினையைப் பிரிக்க முடியாத இடத்தில் சாட்சியைச் சேர்ப்பது ஒன்று. பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் வந்து இறங்கும்போது குடிநீர்த் தொட்டி இயக்குபவரும் எண்ணிக்கையைப் பார்த்து இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திடலாம். கழற்றிய பழைய பல்புகள் அலுவலகத்துக்கு வந்த பிறகே புதியவற்றுக்கான பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். வேலையைச் சுழற்றுவது மற்றொன்று. பணிகள் குழு, நியமனக் குழு, வளர்ச்சிக் குழு என்று சட்டப்படி அமைக்கும் குழுக்கள் பல ஊராட்சிகளில் பெயரளவில் இருக்கின்றன; அவற்றுக்கு உண்மையான வேலை கொடுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை வேறொரு குழு உறுப்பினர் ரொக்கப் புத்தகத்தையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் ஒப்பிட்டால், செயலருக்கும் அது பாதுகாப்பு.

எல்லாப் பொறுப்பும் சட்டப்படியே ஒருவரிடம் சேரும் காலமும் வருகிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும்வரை, ஊராட்சிகளை அரசு நியமித்த தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்தபோதும் தனி அலுவலர்களே வந்தார்கள். தனி அலுவலர் இருக்கும்போது மன்றத்தின் பொறுப்பும் தலைவரின் பொறுப்பும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. தீர்மானிப்பவரும் நிறைவேற்றுபவரும் ஒருவர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிறார். அந்தக் காலங்களில் மிஞ்சும் தடுப்பு கிராம சபை ஒன்றே என்பதால், செயலர்கள் கிராம சபையின் தீர்மானங்களையும் கேள்விகளையும் வழக்கத்தைவிட விரிவாகப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிராம சபையில் கணக்கு படிக்கும்போது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. தலைவர் தலைமையில் சபை கூடுகிறது. அதே சபையில் தலைவரின் செலவுக்கணக்கு மக்கள் முன் வைக்கப்படுகிறது. கேள்வி கேட்க எழுபவரை உட்காரச் சொல்லும் அதிகாரமும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையும் ஒருவரிடமே இருப்பது முரண். ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த தணிக்கை விதிகள், சமூகத் தணிக்கையைத் திட்டத்தை நிறைவேற்றுபவர்களிடமிருந்து பிரித்துத் தனி அமைப்பிடம் கொடுத்தது இதே காரணத்துக்காக. மற்ற கணக்குகளுக்கும் அந்தப் பண்பைக் கொண்டுவரலாம். கணக்கு வரும் நேரத்தில் தலைவர் ஒழுங்கு காக்கும் வேலையை ஊரார் மதிக்கும் ஒரு பெரியவரிடமோ, மகளிர் குழுவின் பொறுப்பாளர் ஒருவரிடமோ விட்டுவிட்டு, பதில் சொல்பவராக மட்டும் நிற்கலாம். வரவு செலவுப் பதாகையை சபை நாளில் கட்டுவதோடு நிறுத்தாமல், முந்தைய வாரமே ரேஷன் கடைக்கு அருகில் கட்டிவிட்டால், கேள்விகள் தயாராகவே வரும்.

பொறுப்பு கைமாறும்போது

பிரித்து வைத்தவை மீண்டும் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் யாராவது விடுப்பில் போகும்போதுதான். செயலர் ஒரு மாதம் மருத்துவ விடுப்பில் போனால், பக்கத்து ஊராட்சிச் செயலர் கூடுதல் பொறுப்பில் வருவார்; அவருக்கு நேரம் இல்லாததால் கணக்கு எழுதும் வேலை தலைவர் வீட்டுக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் மாற்று ஆளை முன்பே தீர்மானத்தில் எழுதிவையுங்கள். அந்த மாற்று ஆள், சங்கிலியில் அதற்கு முந்தைய வினையையோ அடுத்த வினையையோ செய்பவராக இருக்கக் கூடாது. கைமாறும் நாளில் ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: தீர்மானப் புத்தகம் எந்தப் பக்கம்வரை எழுதப்பட்டிருக்கிறது, ரொக்கப் புத்தகத்தின் இருப்பு எவ்வளவு, பயன்படுத்தாத காசோலைகளின் எண்கள் எவை, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களின் எண்கள் எவை, பணம் கொடுக்க வேண்டிய பட்டியல்கள் எவை, எம்-புக் யாரிடம் இருக்கிறது, கையொப்பச் சாவிகள் யாரிடம் இருக்கின்றன, இருப்பு அறையின் திறவுகோல் எத்தனை, அவை எங்கே. அந்தத் தாளின் மூன்று நகல்களில் ஒன்றை ஒன்றிய அலுவலகத்துக்கு அன்றே அனுப்பிவிட்டு, அதன் பிறகு புதியவர் கடவுச்சொல்லை மாற்றட்டும்.